வேற்றுக்கிரகவாசி வரலாம், கெட்ட வார்த்தை வரக்கூடாது

அறிவியல் புனைவு வாசிக்கிற நண்பர்களோடு உட்கார்ந்தால் ஒரு கருத்து கட்டாயம் வந்துவிடும்: "ஐடியாதான் முக்கியம் ப்ரோ, மொழியெல்லாம் சும்மா வண்டி மாதிரி." பொறியியல் படித்த நாலு வருஷமும் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அசிமோவையும் கிளார்க்கையும் அப்படித்தான் வாசித்தேன், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. என் எண்ணத்தை மாற்றியது ஒரு ரஷ்ய நாவல். அதைவிட, அந்த நாவல் புத்தகமாக வந்த கதை.

அர்க்காடி ஸ்த்ருகாத்ஸ்கி ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர், மாஸ்கோவில் இருந்தார். தம்பி போரிஸ் லெனின்கிராடில் வானியல் படித்து புல்கோவோ வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து 1971-இல் எழுதியது 'சாலையோரப் பிக்னிக்'. வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து, யாரோடும் பேசாமல் போய்விட்டார்கள். அவர்கள் இறங்கிய இடங்கள் 'மண்டலம்' என்று வேலி போட்டு அடைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே அவர்கள் விட்டுப்போன சாமான்கள் கிடக்கின்றன. ரோட்டோரம் சாப்பிட்டுவிட்டு குப்பையைப் போட்டுப் போனால், அப்புறம் எறும்பும் பூச்சியும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்க்குமே, அப்படித்தான் மனிதர்களும். ராத்திரியில் திருட்டுத்தனமாக உள்ளே போய் அந்தச் சாமான்களை எடுத்து வந்து விற்பவன்தான் ஸ்டாக்கர். ரெட்ரிக் என்கிற ரெட் அப்படி ஒருவன்.

ரெட்டின் கையில் இருக்கும் கருவி என்ன தெரியுமா? நட்டு. சாதாரண இரும்பு நட்டு. அதை முன்னால் வீசிப் பார்ப்பான். நேராகப் போய் விழுந்தால் நடக்கலாம். திடீரென்று தரையில் அறைந்தாற்போல் விழுந்தால் அங்கே ஈர்ப்பு விசை ஆளையே நசுக்கிவிடும், சுற்றிப் போக வேண்டும். இதை முதலில் வாசித்தபோது எல்.ஆர்.டி.யில் தனியாகச் சிரித்தேன். மீட்டர் நம்ப முடியாத இடத்தில் எங்கள் லைனில் அனுபவமுள்ள ஆட்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

அந்த இடத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஈர்ப்புச் செறிவு. ஸ்டாக்கர்கள் வைத்த பெயர் 'கொசு வழுக்கை'. விஞ்ஞானிகள் கூழ்ம வாயு என்பது இவர்களுக்கு 'சூனியக்காரி ஜெல்லி'. இரண்டு செம்புத் தட்டு, நடுவில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆய்வகத்தில் அது 'பொருள் 77-பி', ரெட்டுக்கு அது வெறும் 'காலி'. உயிரைக் கொடுத்து உள்ளே போகிறவன் வைத்த பெயரில் பயமும் கேலியும் இருக்கிறது. அறிக்கை எழுதுகிறவன் வைத்ததில் அது இல்லை. முதல் அத்தியாயத்தில் ரெட், தான் மதிக்கும் கிரில் என்ற விஞ்ஞானியை உள்ளே கூட்டிப் போகிறான். ஒரு மூலையில் வெள்ளியாக மின்னும் சிலந்தி வலை மாதிரி ஒன்று கிரிலின் முதுகில் படுகிறது. ரெட் பார்க்கிறான். இதற்கு முன் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது, ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடுகிறான். அன்றைக்கே கிரில் இறந்துபோகிறான். பெயர் இல்லாத ஒன்றே ஒன்று, அதுதான் கொன்றது. இந்த நாவலில் மொழி வண்டி இல்லை என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

இனி அச்சு வரலாறு. 1972-இல் லெனின்கிராடின் 'அவ்ரோரா' இதழில் தொடராக வந்தது. புத்தகமாக வரவேண்டிய இடம் இளைஞர் கழகத்தின் பதிப்பகமான 'மொலதாயா க்வார்தியா'. கதை நடப்பதே முதலாளித்துவ நாட்டில். அங்கே குடியும் கள்ளக்கடத்தலும் என்று காட்டினால் சோவியத் அதிகாரிகளுக்குச் சந்தோஷம்தானே? சகோதரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பதிப்பகத்திலிருந்து திருத்தப் பட்டியல் வந்துகொண்டே இருந்தது. கதாபாத்திரங்களின் ஒழுக்கக்கேடு, அடிதடி, அப்புறம் கொச்சைச் சொற்களும் வட்டார வழக்கும். கடைசி வகைக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்புகள். கடிதம், மேல்முறையீடு, மறுபடி கடிதம் என்று இழுத்து 1980-இல்தான் ஒரு தொகுப்புக்குள் வெளியானது, அதுவும் வெட்டிச் சீவி. 1977-லேயே ஆங்கிலத்தில் புத்தகம் வந்துவிட்டது. சொந்த மொழி வாசகர்கள் அதற்கப்புறமும் மூன்று வருஷம் காத்திருந்தார்கள், கிடைத்ததும் முழுசாக இல்லை.

போரிஸ் பின்னாளில் இதைப் பற்றி எழுதியதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த ஆசிரியர்களுக்கு அரசியல் உள்நோக்கம் பெரிதாக ஒன்றும் இல்லையாம். மொழி வழவழவென்று நிறமில்லாமல் இருக்கவேண்டும், அறிவியல் புனைவு நிஜ வாழ்க்கையின் அழுக்கைத் தொடவே கூடாது என்று அவர்கள் மனதார நம்பினார்களாம். கெட்டவர்கள் என்றால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். இவர்கள் வாசகனைக் காப்பாற்றுவதாக நினைத்தவர்கள். தோட்டத்துப் பேச்சையும் கம்பெனி பேச்சையும் கதையில் எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் நாமே அதைத் 'திருத்துகிற' பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? எனக்கு இருந்தது. யாரும் பட்டியல் அனுப்பவில்லை.

தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' படம் 1979-இல், அந்தத் தொகுப்புக்கு முன்பே வந்துவிட்டது. திரைக்கதை சகோதரர்களுடையதுதான். எனக்குப் பிடித்த படம், ஆனால் ரெட் அதில் இல்லை. பாரமாகப் பேசும் மூன்று ஆண்கள் இருக்கிறார்கள். நட்டு மட்டும் தப்பித்து வந்திருக்கிறது, துணி வால் கட்டிக்கொண்டு. 1986-க்கு அப்புறம் செர்னோபில் தடைப்பகுதிக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவர்கள் தங்களை ஸ்டாக்கர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 2007-இல் வந்த உக்ரேனிய வீடியோ கேமில் நட்டுக்குப் பதில் போல்ட்டு.

போன மாதம் இரவு ஷிப்டில் எங்கள் டெக்னீஷியன் அண்ணன் ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் நாவலெல்லாம் வாசிப்பதில்லை. செம்புத் தட்டுக் கட்டம் வந்ததும் நிறுத்தி, நடுவில் நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். தமிழில் அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இதுல என்ன தம்பி யோசனை? கோசோங்னு வைங்க," என்றார்.