தொழிலாளரே மறுத்த தொழிற்சங்கம்

தொழிற்சங்கச் செய்தி என்றால் முதலாளியே எதிராளி என்று எண்ணிக்கொண்டு பேனாவை எடுத்துப் பழகியவன் நான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து வொக்ஸ்வாகன் தொழிற்சாலையில் 2014 பெப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பு அந்த எண்ணத்தைக் கலைத்தது. (இலங்கையில் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கமொன்றைப் பதிவு செய்துவிடலாம். அங்கோ ஊழியர் சார்பில் பேரம் பேசப் பெரும்பாலும் வாக்கெடுப்பில் வென்றாக வேண்டும்.)

நிர்வாகம் எதிர்க்கவில்லை; சங்கத்தினர் ஆலைக்குள் வந்து பேசவும் இடமளித்தது. ஆயினும் ஆதரவாக 626 வாக்குகள், எதிராக 712.

சங்கம் தோற்றால் புதிய வாகன உற்பத்தி வரும் என்றார் செனட்டர் பொப் கோர்க்கர்; நிர்வாகம் அதனை மறுத்தது. அரசியல்வாதிகளின் மிரட்டல் என்று இதனை முடித்துவிடுவது எளிது. ஆனால் தொழிலாளரிடமும் ஒரு கணக்கு இருந்தது. சங்கத்தின் தாயகமான டெட்ரோயிட் மாநகரம் முந்திய ஆண்டில்தான் வங்குரோத்தாகியிருந்தது. புதிதாகச் சேர்வோருக்குக் குறைந்த சம்பளம் என்ற இரட்டை முறையை 2007 இல் டெட்ரோயிட் நிறுவனங்களிடம் சங்கமே ஏற்றிருந்தது. போதாக்குறைக்கு, போட்டியாளரை விட வொக்ஸ்வாகனுக்கு இருந்த செலவுச் சாதகத்தைப் பேணவும் முன்கூட்டியே உடன்பட்டிருந்தது. சந்தா கட்டி எதைப் பெறுவது என்று கேட்டவனைக் கோழை என்று எப்படி எழுதுவேன்?

அமெரிக்க ஊழியரில் 1983 இல் நூற்றுக்கு 20 பேர் சங்க உறுப்பினர். 2024 இல் பத்துப் பேர்கூட இல்லை.

2019 இலும் அங்கே தோல்விதான்: 776க்கு 833. பின்னர், 2023 இல் மூன்று பெரிய கார் நிறுவனங்களில் வேலைநிறுத்தம் செய்து, ஒப்பந்தக் காலத்தில் 25 வீத ஊதிய உயர்வை அச்சங்கம் வென்றது. 2024 ஏப்ரலில் அதே தொழிற்சாலையில் 2,628 பேர் ஆதரித்தனர், எதிர்த்தோர் 985.

அடுத்த மாதமே அலபாமாவின் மெர்சிடிஸ் ஆலையில் வாக்கெடுப்பு. அங்கு நிர்வாகம் எதிர்த்தது. வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர் தலைமை அதிகாரியையும் மாற்றியது. ஆதரவாக 2,045 வாக்குகள், எதிராக 2,642.