முதல் பணத்தின் விலை

விற்பனையே தொடங்காத நிறுவனத்துக்கு என்ன மதிப்புப் போடுவது? முதலீடு தேடும் இளைஞர்களைத் திணற வைக்கும் கேள்வி இது. வரலாறு ஒரு பாடம் சொல்கிறது, நேயர்களே.

1957இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரு பொறியாளர்கள் கணினித் தொழில் தொடங்க முனைந்தனர். ஹார்வர்ட் பேராசிரியர் ஜார்ஜஸ் டோரியோ நடத்திய ஏஆர்டி நிறுவனம் 70,000 டாலர் தந்து, ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. கணக்குப் போட்டால் மொத்த மதிப்பு 100,000 டாலர். அதில் வந்த பணத்தைக் கழித்தால், இருவரின் அறிவுக்கும் உழைப்புக்கும் கிடைத்த விலை 30,000 டாலர்தான்! புதுத் தொழிலை நம்பிப் பணம் போடுவோர் அன்று மிகச் சிலரே. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அந்த நிறுவனம் 1966இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 1968இல் ஏஆர்டியின் பங்கு மட்டும் சுமார் 355 மில்லியன் டாலர் பெறும்.

முதலீட்டாளர்கள் பெருகிய பின், 2004இல் ஃபேஸ்புக்கிற்கு 500,000 டாலர் தந்த பீட்டர் தீலுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 விழுக்காடு. அதாவது, மொத்த மதிப்பு சுமார் 5 மில்லியன்.

தொடக்க மதிப்பைத் தராசில் நிறுக்க முடியாது. அது பேரத்தில் பிறப்பது. ஒரே கதவைத் தட்டினால், அந்த வீட்டுக்காரர் சொல்வதே விலை. கையெழுத்திடும் முன் நான்கு கதவுகளையாவது தட்டுங்கள்.