மிருதங்கச் சுருதி

மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையைத் தட்டும்போது செவி தெளிவாக உணரும் சுரம். தோற்கருவிகள் பலவும் தாளத்துக்கு ஓசை தருவதோடு நிற்பவை. மிருதங்கம், தபலா முதலிய சிலவே பாடுபவரின் ஆதார சட்ஜத்தோடு இணையச் சுருதி கூட்டப்படுபவை.

ஆய்வு வரலாறு

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், கல்கத்தாவில் பணியாற்றியபோது சிவகாளி குமாருடன் சேர்ந்து இச்சுருதி பற்றிய முதற்குறிப்பை 1920இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். விரிவான கட்டுரை 1934இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வந்தது. எங்கும் ஒரே கனமுள்ள தோல் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதங்களில் அதிரும். இவை முழு எண் மடங்குகள் அல்லாததால் சுரம் தெளியாது. வலந்தலையின் நடுவில் கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கரணை, அந்த விகிதங்களை 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவருகிறது. இராமன் தோலின்மேல் நுண்மணலைத் தூவி, விரலால் ஓரிடத்தைத் தொட்டபடி தட்டினார். அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கியது. 9 அதிர்வு வகைகள் 5 சுரங்களுக்குள் அடங்குவதை இவ்வாறு நிறுவினார். வாசிப்பவர் மோதிர விரலைக் கரணையோரம் ஊன்றி ‘நம்’ என்னும் சொல்லை வாசிக்கையில் அடிப்படை அதிர்வு அடங்கி மேற்சுரங்கள் ஓங்குகின்றன. சமன்பாடு ஏதுமின்றிக் காதை நம்பியே கரணையின் இந்த அமைப்பை எட்டிய கைவினைஞரின் திறம் போற்றத்தக்கது.

செவியும் மூளையும்

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டை, அங்கவடி எலும்புகள் உட்செவியின் காக்ளியாவுக்குக் கடத்துகின்றன. நத்தை ஓடுபோல் சுருண்ட அதன் நீளம் சுமார் 35 மி.மீ. அடிப்பகுதி உயர்ந்த சுரங்களுக்கும் நுனி தாழ்ந்த சுரங்களுக்கும் மிகுதியாக அதிரும். இவ்வதிர்வு அலையாகப் பரவுவதைக் கண்ட பெக்கெசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். மயிர்க்கலங்கள் அதிர்வை மின்குறிப்புகளாக்க, செவிநரம்பு அவற்றை மூளைத்தண்டு வழியாகப் பெருமூளையின் பொட்டுப் பகுதிக்கு அனுப்புகிறது. முழு எண் மடங்கில் வரும் மேற்சுரங்களை மூளை ஒரே சுரமாகச் சேர்த்துக் கேட்கிறது. அடிப்படை அதிர்வு ஒலிக்காதபோதும் அதற்குரிய சுரத்தை உணர்கிறது. கரணையின் பயன் முழுமை பெறுவது இங்குதான்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்ச் செவித்திறன் அற்ற குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. பேச்சை விளங்கிக்கொள்ள உதவும் இக்கருவி, சுர வேறுபாடுகளைத் தெளிவாகத் தருவதில்லை; ஆகவே கரணை தரும் சுருதியை இதன்வழி முழுமையாக உணர்வது கடினம்.