மட்டாஞ்சேரி யூதத் தெரு

கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டித் தெற்கே நீளும் பழைய குடியிருப்புத் தெரு. வடமுனையில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் (வெளியிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடம்) தெருவை முடித்துவைக்கிறது. வருவோர் பெரும்பாலும் அதை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். தெருவின் வரலாறு வீடுகளிலும் இருக்கிறது.

போர்ச்சுகீசியர் காலத்து நெருக்கடியில் கொடுங்கல்லூரை விட்டு வந்த யூதர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனை அருகிலேயே நிலம் கொடுத்தார். சினகாகுக்கு அடுத்த அரண்மனை வளாகத்தில்தான் பழையன்னூர் பகவதி கோவிலும் இருக்கிறது. யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடுகளை யூதர்கள் இந்தச் சினகாகிலேயே காத்துவந்தனர். 1662இல் போர்ச்சுகீசியர் சினகாகைச் சேதப்படுத்தினர். மறுவருடம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் தெரு தழைத்தது. டச்சுக் கம்பெனியோடு வாணிபம் செய்த எசக்கியேல் ரகாபி 1760இல் மணிக்கூண்டு எழுப்பினார். அதன் முகப்புகளில் ரோமன், எபிரேய, மலையாள எண்கள் உள்ளன.

வீடுகள் இரண்டடுக்கு, பொதுச்சுவரோடு தோள் உரசி நிற்பவை. கீழே கடையோ மிளகும் ஏலமும் அடுக்கிய பண்டகசாலையோ, மேலே குடும்பம். மரத்தளம், சரிவான ஓட்டுக்கூரை, தெருவைப் பார்த்த மரக்கதவு ஜன்னல்கள். சில ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம். தோப்புக்கு நடுவே தனித்திருக்கும் கேரள நாலுகெட்டுக்கு இது நேரெதிர். முனையில் வழிபாட்டிடமும் இருபுறமும் வீட்டு வரிசையுமாக நம் அக்ரகாரத்தை நினைவூட்டும். ஆனால் திண்ணை இல்லை, சுவர் நேராகத் தெருவில் இறங்குகிறது.

அக்ரகாரத்தைப் போலவே இங்கும் உள்ளே ஓர் ஏற்றத்தாழ்வு இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோருக்குப் பரதேசி சினகாகில் சம இடம் மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாகிரக வழியில் போராடி அதைத் தளர்த்தினார். தெருவின் அழகை மட்டும் எழுதி இதை விட்டுவிடுவது நியாயமல்ல.

1948இல் இஸ்ரேல் உருவானபின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. 1968இல் சினகாகின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். இன்று வீடுகள் பழம்பொருள், வாசனைப் பொருள் கடைகள். தெற்கே, பரதேசிகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதர்களின் கடவும்பாகம் சினகாகின் செதுக்குமர உள்ளமைப்பு ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய அதன் வெற்றுக் கட்டடத்தின் ஒரு பகுதி 2019இல் இடிந்து விழுந்தது.