பெயர் பெற்ற தீவுகள், பெயர் பெறாத போர்கள்: அறிவிப்பின்றி நடந்த ஒரு யுத்தம் குறித்து

2023 ஜனவரி 23 அன்று, அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் அதுவரை எண்ணால் மட்டும் குறிக்கப்பட்டுவந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1947 காஷ்மீரில் தொடங்கி 1999 கார்கிலில் முடியும் அந்தப் பட்டியலை வெறும் நினைவுச் சின்னமாகக் கடந்துவிடலாம். ஆனால் அதில் வரும் எந்தப் போருக்கும் இந்தியா முறைப்படி போர்ப் பிரகடனம் செய்ததில்லை. 1962இலும் 1971இலும் வெளியானவை அரசமைப்பின் 352ஆம் உறுப்பின்கீழான நெருக்கடி நிலைப் பிரகடனங்கள். அவை சொந்தக் குடிமக்களைக் கட்டுப்படுத்தின. எதிரி நாட்டுக்கு அறிவிக்கப்பட்டவை அல்ல.

ஏன் இப்படி என்ற கேள்விக்கு நம் துறையில் பழகிப்போன பதில் ஒன்று உண்டு. 1945இன் ஐ.நா. சாசனம் பலப்பிரயோகத்தைத் தடைசெய்துவிட்டது. எனவே ‘போர்’ என்ற சட்ட நிலையே காலாவதியானது. அதனுடன் பிரகடனமும் மறைந்தது என்பார்கள். இந்த விளக்கம் காலவரிசையிலேயே தடுமாறுகிறது. 1937 ஜூலையில் தொடங்கிய சீன-ஜப்பான் போரை 1941 டிசம்பர் வரை இரு தரப்பும் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் அமெரிக்க நடுநிலைச் சட்டங்களின்படி ஆயுத வரத்து நின்றுபோகும் என்பது இரு தலைநகரங்களுக்கும் தெரியும். சாசனம் வருவதற்கு முன்பே அரசுகள் கணக்குப் பார்த்துத்தான் மௌனம் காத்தன. சாசனம் அந்த மௌனத்துக்கு ஒரு கௌரவமான காரணத்தைக் கொடுத்தது என்பதற்கு மேல் இதில் அதற்குப் பங்கில்லை என்றே எண்ணுகிறேன்.

21 பெயர்களில் ஒன்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மகார் படைப்பிரிவின் 8ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 இரவு, இந்திய அமைதி காக்கும் படை சென்றிருந்த இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் பணி முடித்துத் திரும்பும்போது அவருடைய அணிமீது பதுங்கித் தாக்குதல் நடந்தது. தாக்கியவர்களைப் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. பாய்ந்த பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை கட்டளையிட்டுக்கொண்டே இருந்தார். விருதுக்கான சான்றுரை எதிர்த்தரப்பை ‘ஆயுதக் குழுவினர்’ என்றுதான் குறிக்கிறது. ஆனால் பரம்வீர் சக்ராவின் விதி, ‘எதிரியின் முன்னிலையில்’ காட்டிய வீரத்துக்கே அவ்விருது என்கிறது. எதிரியின் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கு அசோக சக்ரா தனியாக இருக்கிறது. எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க அரசுக்கு வழி இருந்தது.

இந்தத் தேர்வை வெறும் படைத்துறை நடைமுறை என்று ஒதுக்குபவர்கள் 1950இன் இராணுவச் சட்டத்தைக் காட்டுவார்கள். வலுவான வாதம்தான். அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஆயுதமேந்திய கலகக்காரர், கிளர்ச்சியாளர், கடற்கொள்ளையர் எனத் தொடங்கி, யாரை எதிர்ப்பது படைவீரரின் கடமையோ அந்த ஆயுதபாணிகள் அனைவரையும் ‘எதிரி’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அப்படியானால் போர் இல்லாமலே எதிரி உண்டு. பதக்கம் எதையும் நிரூபிக்காது. ஆனால் இதே வரையறையின்படி காஷ்மீரிலும் வடகிழக்கிலும் உள்ள ஆயுதக் குழுக்களும் எதிரிகளே. அங்கே அவர்களுடன் மோதி மாண்டவர்களுக்கு வழங்கப்பட்ட உச்ச விருது அசோக சக்ரா. எதிராளியின் தன்மை ஒன்று, இராணுவச் சட்டம் ஒன்று, பதக்கம் மட்டும் வேறு. இந்த வேறுபாட்டை இராணுவச் சட்டத்தால் விளக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் நடப்பது உள்நாட்டுப் பாதுகாப்புப் பணி அல்ல, அந்நிய மண்ணில் நடக்கும் போர் என்பதை அரசின் ஒரு கரம் அறிந்திருந்தது என்பதே பொருந்துகிற விளக்கம். 1961 டிசம்பர் 5 அன்று காங்கோவின் கத்தாங்காவில் ஐ.நா. படையில் இருந்தபடி மாண்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டதும் இதே வழக்கத்தில்தான் சேர்கிறது. அவர் பெயரிலும் அந்தமானில் ஒரு தீவு இருக்கிறது.

அரசின் இன்னொரு கரம் பிடித்துக்கொண்டது 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் இணைப்பை. அதன் 6ஆம் பத்திதான் இந்திய அமைதி காக்கும் படைக்கான சட்ட அடிப்படை என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள்: இலங்கைக் குடியரசுத் தலைவர் அழைத்தார், இந்தியா சென்றது, அழைப்பின்பேரில் சென்ற படை யார்மீது போரை அறிவிக்கும் என்ற வாதம். பத்தியை மறுபடி படிக்கலாம். மோதல் நிறுத்தத்துக்கு உத்தரவாதம் தரவும் அதை அமல்படுத்தவும் ஓர் இந்திய அமைதி காக்கும் படைப்பிரிவு அழைக்கப்படலாம் என்பதே அதன் சாரம். அங்கே கருதப்படும் மோதல், இலங்கை அரசுக்கும் போராளிக் குழுக்களுக்கும் இடையிலானது. 1987 அக்டோபர் 10 தொடங்கிய ஆபரேஷன் பவன் அந்த மோதலின் தொடர்ச்சி அல்ல. இந்தியப் படையும் விடுதலைப் புலிகளும் நேருக்கு நேர் நின்ற புதிய சண்டை அது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களின் உயிரைக் கொண்டுபோனது. பிரதான ஒப்பந்தத்தின் 2.16(இ) இராணுவ உதவி பற்றிப் பேசுவதால் அது போதும் என்பர். கோரிக்கையின்பேரில் தரும் உதவி வேறு, ஒரு மாகாணத்தைத் தானே போரிட்டுப் பிடிப்பது வேறு. அழைப்பே அடிப்படை என்றால், 1989 ஜூன் 1 அன்று புதிய இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசா படைகளைத் திரும்பப் போகச் சொன்ன பிறகு 1990 மார்ச் 24 வரை நீடித்த காலத்துக்கு எது அடிப்படை? அழைப்புக் கோட்பாட்டாளர்கள் இந்த மாதங்களை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

அப்படியானால் பிரகடனத்தின் பயன் யாருக்கு? இதற்கும் அந்தமானே சான்று தருகிறது. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அமைந்த ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு, இரண்டொரு நாளிலேயே பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தது. அப்போது அதன் கையில் ஒரு காணி நிலம்கூட இல்லை. நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் டோஜோ, தம் படைகளின் பிடியிலிருந்த அந்தமான் நிக்கோபாரை அந்த அரசுக்குத் தருவதாக அறிவித்தார்; டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அதன் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் கொடியேற்றினார். தலைமை ஆணையராகப் போன ஏ.டி. லோகநாதனிடம் ஜப்பானியர் முழுமையாக ஒப்படைத்தது கல்வித் துறையைத்தான். காவல் துறை அவர்கள் கையிலேயே இருந்தது. கொடியேறிய ஒரே மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரேகஞ்சில் உளவாளிகள் என்ற சந்தேகத்தின்பேரில் 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர்.

இத்தனை பொத்தலான ஆட்சியைத்தான் 1945 நவம்பரில் தொடங்கிய செங்கோட்டை வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புலாபாய் தேசாய் தம் வாதத்தின் தூண்களில் ஒன்றாக நிறுத்தினார். இந்திய தேசிய இராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர்மீதும் இருந்த முதன்மைக் குற்றச்சாட்டு, தண்டனைச் சட்டம் 121ஆம் பிரிவின்படி மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தது. அரசு உண்டு, படை உண்டு, நிலம் உண்டு, பிரகடனம் உண்டு. ஆகவே இவர்கள் துரோகிகள் அல்லர், போரிடும் தரப்பின் வீரர்கள் என்றார் தேசாய். இராணுவ நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்பதைவிட, அந்த வாதம் எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது என்பதே நமக்கு முக்கியம். சட்டம் யாரைக் கலகக்காரர் என்கிறதோ அவருக்குத்தான் பிரகடனம் தேவைப்படுகிறது. அது அவருக்கு அரசுத் தகுதியைக் கோருகிறது. அந்தத் தகுதி ஏற்கெனவே உள்ள அரசுக்கோ பிரகடனம் செலவினம் மட்டுமே: எதிராளியையும் தனக்கு நிகரான இருக்கையில் அமர்த்த வேண்டிவரும். 1987இல் புலிகள்மீது போர் அறிவித்திருந்தால், அவர்கள் நெடுநாள் கேட்டுவந்த ஒன்றைத் தில்லியே எழுதிக் கொடுத்ததாகியிருக்கும்.

1949 ஜெனீவா உடன்படிக்கைகளுக்குப் பிறகு கைதிகளின் உரிமை பிரகடனத்தைச் சார்ந்ததல்ல, ஆகவே இந்தச் செலவு கற்பனை என்ற மறுப்பு சட்டப் புத்தகத்தில் சரி. கொழும்பிலும் சென்னையிலும் அதை யாரும் அப்படிப் படித்திருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டு அரசியலுக்கு அஞ்சியே தில்லி அறிவிக்கவில்லை என்ற விளக்கமும் போதாது. அந்த அச்சம் இல்லாத கார்கிலிலும் பிரகடனம் இல்லை.

இங்கே முன்வைத்த வாசிப்பு பதக்கத்தின் விதியையும் ஒப்பந்தத்தின் வாசகத்தையும் கொண்டே எழுந்தது. விருதைப் பரிந்துரைத்தவர்கள் என்ன எழுதினார்கள் என்பதே இதை உறுதிசெய்யவோ உடைக்கவோ கூடிய சான்று. போர், இராணுவ நடவடிக்கை ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் திறக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் கொள்கை வகுத்தது. ஆபரேஷன் பவனுக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. பரமேஸ்வரனின் பெயரைத் தீவுக்குச் சூட்டிய அரசு, அவர் விருதுக்கான கோப்பை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.