லைனருக்கு அடியில் இருந்த ஓட்டை

2012-ல் மிச்சிகனில் ஆன்சைட்டில் இருந்தபோது, கூட வேலை பார்த்த நண்பர் பழைய பிக்கப் ஒன்று வாங்கினார். பார்க்கப் போகும்போது துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். எனக்கு வண்டியைப் பற்றி ஒண்ணும் தெரியாது, தலையாட்டத்தான் போனேன். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியில் கறுப்பு பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தது. "உள்ளே ஒரு கீறல்கூட கிடையாது" என்றார் விற்றவர். இரண்டு மாதம் கழித்து லைனரைக் கழற்றினோம். இரண்டு இடத்தில் துரு தின்று, ஓட்டை வழியே கீழே தரை தெரிந்தது.

காப்பாற்றப் போட்ட பொருளே இப்படிச் செய்யுமா என்று தேட ஆரம்பித்தேன். வழக்கம்போல வேலை பாதியில் நின்றுபோய் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் விவசாயிகள் தங்கள் காரின் பின்பக்கத்தில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் சாமான் ஏற்றினார்கள். 1925-ல் ஃபோர்டு கம்பெனி தானே பெட்டி வைத்து மாடல் டி வண்டியை விற்க ஆரம்பித்தது. விலை 281 டாலர். பெட்டியின் நீளம் 56 அங்குலம், ஐந்தடிகூட இல்லை. பின்னால் வந்த பல பிக்கப்களில் தொட்டியின் அடித்தளம் மரப்பலகை. பலகைகளுக்கு நடுவே இரும்புப் பட்டைகள் ஓடும், சரக்கைத் தள்ளினால் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பலகை உளுத்துப்போனால் அதை மட்டும் பிடுங்கிப் புதுசு போடலாம். அதாவது அடித்தளமே லைனர்! ஷெவ்ரோலேயின் சில மாடல்களில் இந்த மரத்தளம் 1980கள் வரை இருந்திருக்கிறது.

இரும்புத் தகடு வந்தபிறகுதான் பெயின்ட் பற்றிய கவலை வந்தது. பிக்கப் அதற்குள் வீட்டு வண்டியாகவும் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வண்டியில் மண்வெட்டிக் கீறல் இருந்தால் மனசு கேட்குமா? பாலிஎத்திலீன் ஷீட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் காற்றை உறிஞ்சி இழுத்தால் தொட்டி வடிவத்தில் படிந்துவிடும். ஆறவைத்து அப்படியே தூக்கி வண்டிக்குள் வைத்துவிடலாம். மலிவு, ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

சிக்கல் அந்த "வைத்துவிடலாம்"-இல்தான். ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக், வண்டி ஓடும்போதெல்லாம் அதிர்ந்து பெயின்டை உரசுகிறது. இடுக்கில் மணல் புகுந்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, உருகிய பனித்தண்ணீரோடு அடியில் போய்த் தங்குகிறது. வெயில் படாது, காயாது. மேலே பார்த்தால் பளபள. நண்பர் வண்டியில் நடந்தது இதேதான்.

இதைவிட என்னை உலுக்கியது வேறு ஒன்று. 1998-ல் நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பிளாஸ்டிக் லைனர் போட்ட தொட்டியில் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பும்போது தீப்பற்றிய சம்பவங்களைப் பற்றியது. பெட்ரோல் குழாய் வழியே பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. கேன் தரையில் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் மேல் இருந்தால் இறங்க வழியில்லாமல் கேனிலேயே சேரும். இரும்புக் கேன் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். பம்பின் மூக்கு கேன் வாயருகே வரும்போது ஒரு பொறி தாவினால் போதும், அங்கேதான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. காருக்குள் கார்ப்பெட் மேல் வைத்து நிரப்பினாலும் இதே கதி.

நண்பர் புல் வெட்டும் மெஷினுக்காக வாராவாரம் அப்படித்தான் நிரப்பிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். படித்துச் சொன்னபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எலெக்ட்ரிகல் பேப்பரில் நிலைமின்சாரம் எழுதி பாஸ் பண்ணினவன் நான்!

அடுத்து என்ன போடுவது என்ற பேச்சு வந்தது. தெளித்து ஒட்டவைக்கும் லைனர்களும் அப்போது பிரபலம். ரைனோ லைனிங்ஸ் 1988-லும் லைன்-எக்ஸ் 1993-லும் தொடங்கிய கம்பெனிகள். இரண்டு ரசாயனங்கள் கலந்து, தொட்டியின் மேலேயே இறுகித் தோலாக ஒட்டிக்கொள்ளும். இடைவெளி இல்லாததால் தண்ணீர் தங்காது. ஆனால் முதலில் பெயின்டைச் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்று பிறகு உரிக்கவும் முடியாது. கீழே துரு இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும். ரப்பர் பாய் இன்னும் எளிது, சாமான் வழுக்காது, சுருட்டி எடுத்துக் கழுவிக் காயவைக்கலாம். பக்கச் சுவர்களுக்குத்தான் பாதுகாப்பு கிடையாது.

புது வண்டி என்றால் தெளிப்பு லைனருக்குத்தான் என் ஓட்டு. நண்பரோ ஓட்டைகளுக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, பெயின்ட் அடித்து, ரப்பர் பாய் விரித்தார். மாதம் ஒரு முறை அதைத் தூக்கிப் பார்ப்பார். பெட்ரோல் பங்குக்குப் போனால் கேனை இறக்கி சிமென்ட் தரையில் வைத்து, பம்பின் மூக்கைக் கேன் வாயோடு ஒட்டிப் பிடித்தபடிதான் நிரப்புவார். ரப்பரும் மின்சாரத்தை விடாதே.