லினக்ஸ் கட்டளைவரியும் கணினி நிர்வாகமும்

லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் கணினியிடம், விசைப்பலகை வழியே எழுத்தில் கட்டளையிட்டு வேலை வாங்கும் முறை கட்டளைவரி எனப்படும். பயனர் கணக்குகள், கோப்பு உரிமைகள், மென்பொருள் நிறுவல், வலையமைப்பு, காப்புநகல் ஆகியவற்றைப் பேணும் பணி கணினி நிர்வாகம். இணையச் சேவைகளைத் தாங்கும் சர்வர்கள் பலவற்றில் திரையும் சுட்டியும் இருப்பதில்லை. தொலைவிலிருந்து கட்டளைவரி மூலமே அவை பராமரிக்கப்படுகின்றன. உலகின் அதிவேகக் கணினிகளை வரிசைப்படுத்தும் 'டாப்500' பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெறுபவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவையே.

வரலாறு

கட்டளைவரியின் வேர் யுனிக்ஸில் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் அதைத் தொடங்கினர். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு உள்ளீடாகக் கொடுக்கும் 'பைப்' வசதி, டக் மெக்கில்ராய் வலியுறுத்தியதன் பேரில் 1973இல் சேர்ந்தது. ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையை மட்டும் செம்மையாகச் செய்ய வேண்டும், நிரல்களைக் கோத்துப் பெரிய வேலையை முடிக்க வேண்டும் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டம், யுனிக்ஸுக்கு இணையான கருவிகளைக் கட்டற்ற மென்பொருளாக உருவாக்கியது. அத்திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பாஷ்' ஷெல் 1989இல் வெளிவந்தது. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கர்னலை வெளியிட்டு, 1992இல் அதைக் குனு பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இவை சேர்ந்தே டெபியன், ரெட்ஹேட், உபுண்டு போன்ற வழங்கல்கள் பிறந்தன.

ஷெல் இயங்கும் விதம்

பயனர் தட்டும் வரியைப் படித்து, சொற்களாகப் பிரித்து, உரிய நிரலைத் தேடி இயக்குவது ஷெல்லின் வேலை. நட்சத்திரக் குறி போன்ற பொதுக்குறிகளை ஷெல்லே கோப்புப் பெயர்களாக விரித்துவிடுகிறது. கட்டளைக்குப் போய்ச் சேர்வது விரிந்த பட்டியல்தான். நீக்கும் கட்டளையோடு அந்தக் குறியைத் தவறான இடத்தில் இட்டால் பெருஞ்சேதம் நேர்வது இதனால்தான். இயங்கி முடிந்த நிரல் ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: சுழியம் என்றால் வெற்றி, வேறு எண் என்றால் பிழை.

இணையதளம் ஒன்றுக்கு எந்த முகவரியிலிருந்து அதிகக் கோரிக்கைகள் வருகின்றன என்று அறிய வேண்டுமானால், பைப்பால் கோத்த சில கட்டளைகள் போதும். சர்வரின் பதிவுக் கோப்பிலிருந்து முகவரிகளை மட்டும் 'ஆக்' பிரித்தெடுக்கும். 'சார்ட்' அவற்றை வரிசைப்படுத்தும். 'யூனிக்' ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என எண்ணும். மறுபடியும் 'சார்ட்' எண்ணிக்கைப்படி அடுக்கும். 'யூனிக்' அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும் என்பதால், அதற்கு முன் வரிசைப்படுத்துவது கட்டாயம். இத்தகைய காரணங்களைப் புரிந்துகொண்டவருக்குக் கட்டளைகளை மனப்பாடம் செய்யும் தேவை குறைகிறது.

உரிமைகள்

ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று நிலைகளில் அனுமதி வகுக்கப்படுகிறது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஆகவே 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம்; மற்றவர்க்கு எதுவும் இல்லை. ஒரு கோப்பை நீக்க, அது இருக்கும் அடைவில் எழுதும் உரிமை வேண்டும்; கோப்பிலேயே எழுதும் உரிமை தேவையில்லை. புதியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

முழு அதிகாரம் கொண்ட 'ரூட்' கணக்குக்கு இந்தத் தடைகள் பெரும்பாலும் பொருந்தா. அதனால் அன்றாட வேலைகளைச் சாதாரணக் கணக்கில் செய்து, தேவையான கட்டளைக்கு மட்டும் 'சூடோ' மூலம் அதிகாரம் பெறுவதே முறை. யார், எப்போது, எந்தக் கட்டளையை இட்டார் என்பதும் அப்போது பதிவாகிறது.

நிர்வாகப் பணிகள்

அமைப்புக் கோப்புகள் '/ஈடிசி' அடைவிலும் பதிவுகள் '/வார்/லாக்' அடைவிலும் இருப்பது வழக்கம். மென்பொருளை நிறுவ டெபியன் வழியில் 'ஆப்ட்', ரெட்ஹேட் வழியில் 'டிஎன்எஃப்' பயன்படுகின்றன. சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் பெரும்பாலான வழங்கல்களில் 'சிஸ்டம்டி' உள்ளது. குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கக் 'கிரான்' உதவும். தொலைவிலிருந்து நுழைய உதவும் 'எஸ்எஸ்எச்' நெறிமுறையை 1995இல் ஃபின்லாந்தின் டாட்டு இலோனென் உருவாக்கினார். அவர் பணிபுரிந்த பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதே அதற்குத் தூண்டுதல். காப்புநகல் எடுப்பதோடு பணி முடிவதில்லை. அதிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்த்த பிறகே அதை நம்பலாம்.

கற்கும் முறை

பயிற்சிக்கு ஏற்ற இடம் மெய்நிகர் கணினி. அதன் நிலையை முன்கூட்டியே சேமித்து வைத்தால், எதைக் கெடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். 'மேன்' கட்டளை தரும் கையேடு கணினியிலேயே இருக்கிறது: முதல் பிரிவில் பயனர் கட்டளைகள், ஐந்தாம் பிரிவில் கோப்பு வடிவங்கள், எட்டாம் பிரிவில் நிர்வாகக் கட்டளைகள். எடுத்துக்காட்டாக, கிரானுக்கான வேலைப்பட்டியலைக் கையாளும் 'கிரான்டேப்' பற்றி முதல் பிரிவு கட்டளையை விளக்கும்; ஐந்தாம் பிரிவு அந்தப் பட்டியல் கோப்பை எழுதும் முறையைச் சொல்லும். பிழைச்செய்தியை முழுதாகப் படிப்பது, பதிவுகளைப் பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து சோதிப்பது ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே ஊன்ற வேண்டிய பழக்கங்கள். தமிழில் படிக்க விரும்புவோருக்கு, 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் குறித்த கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாக வழங்குகிறது.

சான்றிதழ்கள்

1999இல் நிறுவப்பட்ட லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிடியூட், எந்த ஒரு வழங்கலையும் சாராத தேர்வுகளை நடத்துகிறது. ரெட்ஹேட்டின் 'ஆர்எச்சிஎஸ்ஏ' முழுக்கச் செய்முறைத் தேர்வு. இயங்கும் கணினியில் தேர்வர் செய்த அமைப்புகள், கணினியை மறுபடி தொடங்கிய பின்னும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண் உண்டு. பணியிடத்திலும் நிர்வாகியின் வேலைக்கு அதே அளவுகோல்தான் பொருந்தும்.